வேம்படியில் சொன்ன பெயர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் அமைச்சர் அவர்களே, நடு நாற்காலியில் படமாக வீற்றிருக்கும் நம் ஆயுட்கால அதிபர் அவர்களே, துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்திருக்கும் என் மக்களே! மேஜர் செலோம் டோக்பே வணங்குகிறேன்.

கர்னல் எடெம் அக்போஜான் மறைந்தார். ஒன்பது ஆண்டுகள் கோட்டைச் சிறைக்குத் தலைமை தாங்கிய கர்னல்! அந்தக் கதவைத் திறந்து மனிதர்களை உள்ளே விட்டவர் அவர்தான். மறைக்கமாட்டேன். சாவி என் கையில் இருந்தது.

உள்ளே போனவர்களைப் பற்றி வானொலி என்ன சொன்னது? எல்லை தாண்டி ஓடிவிட்டார்கள் என்றது. ஒருவரா, இருவரா? அத்தனை பேரும் ஓடினார்களாம்! ஆனால் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கர்னல் என்ன செய்தார்? சிறைச்சுவரை ஒட்டிய வேம்படியில் நின்று, சோளமாவு கரைத்த நீரைச் சுரைக்குடுவையிலிருந்து மண்ணில் ஊற்றி, அன்றிரவு உள்ளே மாண்டவர்களின் பெயரை உரக்கச் சொன்னார். உயிரோடிருப்பவர் பெயரைச் சொல்லி நம்மில் யாராவது நீர் ஊற்றுவோமா? நீர் விழும்போது குறுக்கே பேச எந்தச் சிப்பாய்க்குத் துணிவு வரும்?

சுவருக்கும் காது உண்டென்று அஞ்சி வாழும் நாடு இது. அந்தச் சுவருக்கு வெளியே, கஞ்சி விற்கும் பெண்கள் காதாக நின்றார்கள். ஒருத்தி நான்கு வருடம் நின்றாள். ஒருநாள் அவள் கணவர், ஆசிரியர் அயிட்டேயின் பெயர் வந்தது. அவள் அழவில்லை. "அப்பாடா, இனிமே அவருக்குன்னு சோறு எடுத்து வைக்க வேணாம்" என்றாள். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன்.

சென்ற வியாழனன்று கர்னல் இரண்டு பெயர் சொன்னார். மூன்றாவதாகத் தம் பெயரைச் சொன்னார்! நான் அருகில் போய்க் கேட்டேன்.

"அண்ணே, வாய் தவறிடுச்சா?"

"தவறலைடா. என் பேர் போட்ட உத்தரவை என் கண்ணால படிச்சேன். வண்டி கவுந்துச்சும்பானுங்க, பாரு."

"ஓடிருங்கண்ணே!"

சிரித்தார். "இந்தக் கோட்டையிலேர்ந்து நெசமா ஓடினவன் எவன்டா இருக்கான்?"

ஞாயிறன்று அவர் வண்டி கவிழ்ந்ததாக வானொலி சொன்னது. அந்த வண்டி கொட்டகையில் நிற்கிறது. ஒரு கீறல்கூட இல்லை.

கர்னலே! உங்கள் பணி நின்றுவிடுமா? நிற்காது! போனவர் இடத்துக்கு வருபவனே நீர் ஊற்ற வேண்டும் என்பது நம் முறை. வந்திருப்பவன் நான். இதோ குடுவை. அமைச்சர் அவர்களே, எழுந்துவிட்டீர்கள். நல்லது, நீர் விழும்போது எல்லோரும் எழத்தான் வேண்டும். யாரும் குறுக்கே பேசக் கூடாது.

ஆசிரியர் அயிட்டே, இதோ உங்கள் நீர்.

கர்னல் எடெம் அக்போஜான், இதோ உங்கள் நீர்.

மேஜர் செலோம் டோக்பே, இதோ உன் நீர்.