வேலியோரம் நின்ற பங்காளி

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள். தோளில் துண்டு போட்டவர் திடீரென்று சொன்னார்:

"மேப்பு ஒண்ணு எம்பட பையன் கல்யாணத்தக் கெடுத்துப் போட்டுதுங்க."

"அதெப்படீங்க?" என்றார் பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரர்.

"நிலத்தடித் தண்ணி கணக்கெடுக்க ஒரு புள்ள வந்துச்சு. எங்க போர் சுத்தமாக் காஞ்சு போச்சு சாமின்னுட்டேன்."

"போன மாசம் நான் வந்தப்பப் பீச்சி அடிச்சுதேங்க!"

"பங்காளி வேலியோரம் நின்னுட்டிருந்தானுங்க. நெசத்தச் சொன்னா, அடுத்த நாளே ரிக்கு வண்டியக் கொண்டாந்து பக்கத்துலயே இன்னும் ஆழமாப் போர் போட்டுருவான். ஊர்ல எல்லாருமே இப்படித்தான் சொல்லியிருக்கறாங்க. இப்பக் கெவருமெண்டு மேப்புல எங்கூரே செவப்பாக் கெடக்குது. பொண்ணூட்டுக்காரர் அதப் போன்ல பாத்துட்டு, தண்ணியில்லாத ஊருக்குப் பொண்ணத் தரமாட்டேங்கறாருங்க."

"நேர்ல கூட்டியாந்து மோட்டாரப் போட்டுக் காட்டீருங்க."

"நாளைக்கு வாராருங்க."

"பங்காளி பாத்துருவானே?"

துண்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். பஸ்ஸுக்கே கேட்டது.

"அவன் பழனிக்குப் போயிருக்கறானுங்க. எம்பட பையனுக்குக் கல்யாணம் ஆகோணும்னு வேண்டிக்கிட்டு வரச் சொல்லி நாந்தான் அனுப்பிச்சேன்."