வாடகைக்கு ஆறு சிலிண்டர்கள்

டேஷ்போர்டுக்குள் கையை விட்டுக் காகிதம் தேடுகிற மனிதனின் முதுகைப் பார்த்தால் எனக்கு எப்போதும் இரக்கம் வரும். திருடனாக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் அந்த முதுகு ஒரே மாதிரித்தான் வளைகிறது. முட்டாரேயிலிருந்து ஹராரே போகிற சாலையில், சோதனைச்சாவடிக்கு அரை கிலோமீட்டர் முன்னால், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஏழு மாதம் அந்த முதுகுகளைப் பார்த்திருக்கிறேன். அலுப்பான காட்சிதான். ஆனால் எனக்கு வேறு வேலை இல்லை.

ருஃபாரோவும் பின் வரிசையில் அவளோடு இருந்த இரண்டு பேரும் எரிகிற வேனிலிருந்து ஏன் வெளியே வரவில்லை, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நேற்றிலிருந்து இதையே நான்கு விதமாகக் கேட்டுவிட்டீர்கள். உங்களுக்கும் களைப்பாக இருக்கும். நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதினால் போதும்.

என் பெயர் ஷிங்கிராய். வணிகவியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் பேராசிரியர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், பிறகு அதுவும் அலுத்துப்போய் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கல்லூரியைப் பூட்டவில்லை. பூட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. நான் ஊருக்கு வந்தேன்.

அந்தச் சாலையில் ஏழு சோதனைச்சாவடிகள். எங்களுடையது மூன்றாவது, குன்றின் அடிவாரத்தில். எதிரே வருகிற வண்டிகள் விளக்கை இரண்டு முறை சிமிட்டும், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று. உடனே ரேடியோ சத்தம் குறையும். பெல்ட் மாட்டாதவர் மாட்டுவார். சிரித்துக்கொண்டு வந்தவர்கள் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். தப்பு செய்யாதவர்கள்தான் அதிகம் வியர்ப்பார்கள். எந்தத் தப்பு என்று அவர்களுக்குத் தெரியாது அல்லவா.

அங்கே பொறுப்பில் இருந்தவர் சார்ஜென்ட் மாபிகா. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்து வெயிலில் நின்று ஒரே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிற மனிதர்.

"லைசென்ஸ்?"

"இருக்கு சார்."

"ஸ்டெப்னி, ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம்?"

"எல்லாம் இருக்கு சார்."

மாபிகா பெருமூச்சு விடுவார். எல்லாம் இருந்தால் அவருக்குப் பாதி நாள் வீண். "தீயணைப்பு சிலிண்டர்?"

"அது வந்து… வீட்ல இருக்கு சார்."

"அப்ப வீடு பத்திரமா இருக்கும். வண்டியை ஓரங்கட்டு."

ஓரங்கட்டினால் ஒரு மணி நேரம், சில சமயம் மூன்று. அபராதம் தனி. கடையில் புது சிலிண்டர் வாங்குகிற வசதி அந்தச் சாலையில் போகிற யாருக்கும் இல்லை. இங்கேதான் எனக்கு யோசனை வந்தது. அவர்களுக்கு சிலிண்டர் தேவையில்லை, சிலிண்டர் இருப்பது தேவை. அதுவும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு மட்டும், மற்ற சாவடிகளில் அதைக் கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத்தான் நான் இரண்டு வருடம் படித்தேன் என்று நினைக்கிறேன்.

என் மாமாவின் மெக்கானிக் கொட்டகையில் பழைய சிலிண்டர்கள் ஆறு கிடந்தன. சிவப்புப் பெயின்ட் அடித்தேன். சாவடிக்கு இந்தப் பக்கம் நான் ஒரு டாலருக்கு வாடகைக்குக் கொடுப்பேன். அந்தப் பக்கம், குன்றேறி இறங்கியதும், மாய் ருஃபாரோ வாங்கி வைத்துக்கொள்வார். அவர் ஒரு டிரம்மில் மக்காச்சோளம் அவித்து விற்கிறவர், ருஃபாரோவின் அம்மா. எதிர்த்திசையில் போகிற வண்டிக்கு அவர் கொடுப்பார், நான் வாங்கிக்கொள்வேன். சிலிண்டர்கள் தாமாகவே போய் வந்துகொண்டிருந்தன. நாங்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே வேண்டியதில்லை.

மாபிகாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு சிலிண்டரில் இடுப்புப் பக்கம் நசுங்கல். ஒரு நாள் வேன் ஓட்டுகிற சிகோவோ அண்ணனிடம் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாராம்.

"இவனை எனக்குத் தெரியும். காலைல ஒரு லாரில வந்தான். பத்து மணிக்குப் பாதிரியாரோட வந்தான். என்னைவிட அதிகமா ஊர் சுத்தறான்."

"குடும்பச் சாயல் சார். அண்ணன் தம்பிங்க நிறையப் பேரு."

"அண்ணன் தம்பி எல்லாருக்கும் ஒரே இடத்துல அடிபடுமா?"

"ஒரே அப்பா சார். ஒரே பெல்ட்டு."

மாபிகா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார் என்று அண்ணன் சொன்னார். அப்புறம் சிலிண்டர் தலையிலிருந்த அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார், பச்சையில் இருந்தது. கையில் எடை போட்டுப் பார்த்தார், கனமாக இருந்தது. போகச் சொல்லிவிட்டார். அவருடைய பட்டியலில் அதற்கு மேல் கேள்வி இல்லை.

முள் பச்சையில் இருந்ததற்குக் காரணம், நான் அதைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். கனமாக இருந்ததற்குக் காரணம், உள்ளே ஆற்று மணல். ஒவ்வொன்றிலும் நாலு கிலோ அடைத்தேன். தீயணைப்பு மருந்து நிரப்பலாமா என்று கடையில் ஒருமுறை விசாரித்தேன், உண்மையாகவே விசாரித்தேன். ஆறுக்கும் சேர்த்து அவர்கள் சொன்ன விலைக்கு நான் இன்னும் ஒரு வருடம் மரத்தடியில் உட்கார வேண்டும். தவிர, வாடகைக்கு எடுத்த ஒருவர்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. அவர்களுடைய கவலை எல்லாம் மாபிகாதான். நெருப்பைப் பற்றி அந்தச் சாலையில் யாரும் பயப்பட்டு நான் பார்க்கவில்லை.

கேட்டவர் மாய் ருஃபாரோ மட்டும். ஏப்ரனால் சிலிண்டர்களைத் துடைத்து நிழலில் வரிசையாக அடுக்கி வைப்பார், விற்காமல் மீந்த சோளக்கதிரைப் போல.

"டேய் காலேஜ், ஒண்ணே ஒண்ணை அடிச்சுக் காட்டேன். இத்தனை மாசமா தூக்கறேன், எப்படி அடிக்கும்னே தெரியாது."

"அடிச்சா திரும்ப நிரப்பணும் மாய். வீண் செலவு."

"அதுவும் சரிதான்," என்றார். என்மேல் அவருக்கு மரியாதை. கணக்கெல்லாம் படித்தவன் என்று.

ருஃபாரோ முட்டாரேயில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை மதியம் சிகோவோ அண்ணன் வேனில் வீட்டுக்கு வருவாள். என் மரத்தடியில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டாமல் போக மாட்டாள்.

"என்ன தீயணைப்பு மந்திரி, இந்த வாரம் எத்தனை தீயை அணைச்சீங்க?"

"தீயே வரலை. அவ்வளவு தரமான சேவை."

"வந்தா என்ன செய்யணும்? மந்திரிக்குத் தெரியுமா?"

"ஊசியை இழுக்கணும். நெருப்போட அடியில குறி வைக்கணும். கைப்பிடியை அமுக்கணும்."

வேனில் இருந்தவர்களெல்லாம் கேட்டார்கள். நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மாத முடிவு. எல்லா வண்டியும் ஹராரே பக்கமே போனதால் ஐந்து சிலிண்டர்கள் மாய் ருஃபாரோவிடம் சேர்ந்துவிட்டன. என்னிடம் மிச்சம் ஒன்று. சிகோவோ அண்ணன் வேன் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு நானே முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன், அந்தப் பக்கம் போய் மற்றதையும் கொண்டுவரலாம் என்று. எங்கள் இருவரைத் தவிர வேனில் பதினேழு பேர். ருஃபாரோ கடைசி வரிசையில், ஒரு வயதானவருக்கும் மீசைக்காரர் ஒருவருக்கும் நடுவில். அந்த வரிசையில் மட்டும் ஜன்னல் திறக்காது, வெறும் கண்ணாடி. அவர்களுக்கு முன்னால் நடைவழியில் மடக்கு இருக்கை, அதற்குப் பக்கத்தில் மாவு மூட்டைகள். பின்கதவின் தாழ் போய்விட்டதால் அண்ணன் அதை வெளியிலிருந்து கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார், இடுக்கி இல்லாமல் பிரிக்க வராது. இருக்கைக்கு அடியில் ஒரு கேன் பெட்ரோல். பங்கில் பெட்ரோல் கிடைக்காத ஊரில் யார்தான் கேன் வைத்துக்கொள்ளவில்லை? கம்பியையும் கேனையும் பற்றி மாபிகா கேட்கவில்லை. பட்டியலில் இல்லை.

சாவடியில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம், எஞ்சின் ஓடிக்கொண்டே. அந்த வகை வேனில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். என் தொடைக்குக் கீழே சூடு தெரிந்தது. வெயில் என்று நினைத்தேன். மாபிகா என் மடியிலிருந்த சிலிண்டரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "போ போ" என்று கையசைத்தார்.

குன்றைத் தாண்டி இறங்கும்போது புகை வந்தது. மாய் ருஃபாரோவின் டிரம்முக்கு முப்பது அடி தள்ளி அண்ணன் வண்டியை நிறுத்தினார். நான் முதலில் இறங்கினேன், கதவு என் பக்கத்தில் இருந்ததால். பக்கக் கதவு வழியாகப் பதினாலு பேர் வந்துவிட்டார்கள். கடைசியில் வந்தவர் மூட்டைமேல் கால் வைக்க, மூட்டைகள் சரிந்து மடக்கு இருக்கையோடு வழியை அடைத்துவிட்டன. பின்னால் மூன்று பேர்.

அண்ணன் என் கையிலிருந்த சிலிண்டரைப் பிடுங்கி ஊசியை இழுத்து அமுக்கினார். ஒன்றும் வரவில்லை.

"என்னடா இது?"

"பழசுண்ணே. அடுத்ததை எடுங்க," என்றேன்.

இந்த இடத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்வதற்கு ஒரு சரியான நேரம் உண்டு. முதல் சிலிண்டருக்கு முன்பே சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள். அதற்குப் பிறகு சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பார்கள். இரண்டாவதற்குப் பிறகு இன்னும் சங்கடம். ஒவ்வொரு சிலிண்டரும் அடுத்ததைக் கஷ்டமாக்கியது. வேறு யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

மாய் ருஃபாரோ இரண்டு கையிலும் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இந்தா, இந்தா காலேஜ், இது நல்லது, காலைலதான் துடைச்சேன்." நான் வாங்கினேன். ஊசியை இழுத்தேன், நெருப்பின் அடியில் குறி வைத்தேன், அமுக்கினேன். முறைப்படி செய்தேன். அவர் அடுத்ததை எடுக்கத் திரும்பி ஓடினார். கனமான பெண்மணி, ஓடிப் பழக்கம் இல்லை. ஒருமுறை போய் வர அரை நிமிடம் ஆகும்.

ருஃபாரோ பின் கண்ணாடியை உள்ளேயிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் டை கட்டிய பயணி ஒருவர் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சிலிண்டர்காரன் நான்தானே, எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்.

"தம்பி, கண்ணாடியை உடைச்சிரட்டுமா?"

"வேணாங்க ஐயா. காத்து உள்ள போனா தீ பெருசாயிடும். கல்லைக் கீழ போட்டுட்டுத் தள்ளி நில்லுங்க, நான் அணைச்சிடறேன்."

அவர் கல்லைக் கீழே போட்டுவிட்டார். மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். படித்தவர்கள் சொன்னால் கேட்கிற மக்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதானே கேட்பீர்கள். கண்ணாடி உடைந்து மூன்று பேரும் வெளியே வந்துவிட்டால் எல்லோருக்கும் நிதானம் திரும்பிவிடும். நிதானம் வந்தவர்கள் சிலிண்டரைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். எனக்குக் கொஞ்சம் யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். நாலு கிலோ மணல் அடைத்த இரும்பு உருளையால் ஒரு அடி அடித்தால் எந்த வேன் கண்ணாடியும் நிற்காது. இரண்டாவது சிலிண்டர் கையில் இருந்தபோதே எனக்கு அது தோன்றியது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவதின்போதும் தோன்றியது. அடித்தால் உருளையும் பிளக்கலாம், மணல் கொட்டலாம். அதனால் ஆறாவதையும் முறைப்படியே அமுக்கினேன். தட்டுகிற சத்தம் அதற்குள் நின்றிருந்தது. பிறகு பெட்ரோல் கேனில் தீ பிடித்துக்கொண்டது, யாரும் பக்கத்தில் போக முடியவில்லை.

மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும்.

ஆம், தெரிந்துதான் செய்தேன். அதை அந்த வார்த்தைகளிலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். மாய் ருஃபாரோ நேற்றும் இன்றும் மதியம் எனக்குச் சட்சா களியும் கீரையும் கொண்டுவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் தள்ளி நின்னாங்க. நீ ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் விடலை, நான் பாத்தேன். அந்த சிலிண்டரைச் செஞ்சவன் நாசமாப் போவான். நீ சாப்பிடுடா," என்றார். நான் சாப்பிட்டேன்.

இந்தக் காகிதத்தை அவரிடம் படித்துக் காட்டாதீர்கள். எனக்காகச் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, திடீரென்று எதையும் சொல்லக்கூடாது. அவர் உடம்பைப் பற்றி யோசிக்க இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?