இடது கைச் சோறு

மண்ணை வறுக்கையில கூடவே ஒரு பிடி கல்லுப்பும் போடணும் மேடம். அப்பத்தேன் சூடு சீக்கிரம் இறங்காது. துணியில முடிஞ்சு, நம்ம புறங்கையில வச்சுப் பாத்துட்டுத்தேன் அடுத்தவகளுக்கு வைக்கணும். அவுக சுடுதுன்னு சொன்னா எடுத்துரணும். எங்க ஊரு கோம்பையில ஒத்தடம்னா அம்புட்டுத்தேன்.

எங்க வீட்டுக்காரரு சுருளிராஜன், திராட்சைத் தோட்டத்துல கவாத்து வெட்டுறவுக. நுரையீரல் உச்சியில கட்டின்னு போன வருசம் மதுரையில ரேடியேசன் கொடுத்தாக. கட்டி கரைஞ்சிருச்சு. வீரபாண்டியில ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுத்தேன். சூடு எனக்குப் புதுசில்ல.

அப்புறந்தேன் வலது கை விரல்ல ஊசி குத்துறாப்புல ஆரம்பிச்சது. நாளாக நாளாக கை மரத்துத் தொங்கிப் போச்சு. "நோய் திரும்ப வரலம்மா. தோள்ல இருந்து கைக்குப் போற நரம்பு ரேடியேசன்ல கெட்டுருச்சு, சிலருக்கு இப்பிடி ஆகும். போனது திரும்புறது கஷ்டம். கையில சூடு தெரியாது, வெந்துறாமப் பாத்துக்கங்க. இடது கையில ஸ்பூன் பிடிச்சுச் சாப்பிடட்டும்"னு டாக்டரு சொன்னாக. எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சு. விழுகலைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

இடது கையால சோத்தைத் தொட மாட்டேன்னுட்டாக. அது கழுவுற கை. ஸ்பூனைத் தூக்கி வாசல்ல எறிஞ்சாக. நான் பிசைஞ்சு ஊட்டப் போனா, "நான் என்ன தொட்டில் பிள்ளையாடி"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிருவாக. டம்ளர்ல கொஞ்சம் கஞ்சி, அம்புட்டுத்தேன் உள்ள போகும். நோய்க்குத் தப்புன மனுசன் சோத்துக்கு முன்னாடி உக்காந்து வத்திப் போறதைப் பாத்தா வயிறு எரியாதா? அந்தக் கை வந்தாத்தேன் அவுக பிழைப்பாக. வேற வழி எனக்குத் தெரியலை.

ஒத்தடம் வச்சேன். "சுடுதா?"ன்னு கேட்டா, "தெரியலை, இன்னும் வச்சுப் பாரு"ம்பாக. மறுநா இன்னுங் கொஞ்சம் வறுத்தேன். அதுக்கும் தெரியலை. எம் புறங்கையில வச்சுப் பாக்குறதை விட்டுட்டேன், என்னால தாங்க முடியலை. தோல் உரிஞ்சுச்சு. மஞ்சளை அப்பித் துணி சுத்தி, அதுக்கு மேலயே வச்சேன்.

எங்க நாத்தனா பவுனு மதினி வந்தாக. கைத் துணியைப் பிரிச்சுப் பாத்தாக. "ஏண்டி மாரீஸ்வரி, வெந்த கையில எங்கன உணர்ச்சி வரும்?"னு கேட்டாக. அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, "நீயி செத்துத் தொலைஞ்சா உங் கௌரவத்தை யாருக்குடா கொடுக்கப் போற? இடது கையால தின்னு, அக்கா நானே சொல்றேன், போதுமா"ன்னு தட்டை முன்னாடி வச்சாக.

தின்னாக மேடம். இடது கையால பிசைஞ்சு, சிந்திச் சிந்தி, தட்டு காலியாகுற வரைக்கும் தின்னாக. கண்ணுல தண்ணி ஓடுது, வாயி மெல்லுது. மதினி முந்தானையால தொடைச்சு விட்டாக.

நான் சந்தோசப்பட்டுருக்கணும். ஊர்ல எவ கேட்டாலும் அப்பிடித்தேன் சொல்லுவா. ஆனா எனக்கு நெஞ்சு கொதிச்சுச்சு. எத்தனை நாளு எங் கையில சோத்தை வச்சுக்கிட்டு அவுக வாய்க்கு முன்னாடி கெஞ்சுனேன். கழுவுற கை ஆகும், நான் ஆகாதா?

மதினி பஸ் ஏறிப் போனாக. வலது கை இனி வராதுன்னு அன்னிக்குத்தேன் எனக்கே உறுதியாத் தெரிஞ்சுச்சு. அதனால கை வரும்னு கிறுக்குத்தனமா வச்சேன்னு எழுதிறாதீக. நிதானமாத்தேன் மண்ணை வறுத்தேன், மண்ணு செவக்கிற வரைக்கும். அவுக மருந்து மாத்திரை போட்டு அசந்து தூங்குனாக. இடது கையை எடுத்து உள்ளங்கையில முடிச்சை வச்சு, விரலை மடக்கி, என் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அது நல்ல கை. உடனே தெரிஞ்சுருச்சு. அலறுனாக. அக்கம்பக்கத்துல வந்து என்னைய இழுக்குற வரைக்கும் நான் விடலை.

பாருங்க, எங் கையும் வெந்துதேன் கெடக்கு. பரவாயில்லை, விரலு மடங்குது. ஆஸ்பத்திரியில அவுகளுக்கு ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டுருக்காம்ல. மதினி ஊட்டுனாலும் எத்தனை நாளைக்கு ஊட்டுவாக, அவுகளுக்கும் குடும்பம் இருக்கு. ஸ்டேசன்ல இருந்து என்னைய அனுப்புனீகன்னா நான் போயிச் சோறு பிசைஞ்சு கொடுப்பேன். எம்மேல கோவமாத்தேன் இருப்பாக. பசிச்சா வாயைத் தொறப்பாக.