ஒன்பதாம் அத்தியாயத்தில் ஏணி

– மறுபடியும் ஸ்கிரீன் நீலமா வருது மாப்ள.

– வரட்டும் மாமா.

– வந்துட்டு நிக்க மாட்டேங்குது. கறுப்பு, அப்புறம் ஒரு கோடு ஓடுது, அப்புறம் நீலம். திரும்பக் கறுப்பு. காலைல இருந்து இதேதான்.

– எத்தனை தடவை பார்த்தீங்க?

– எண்ணல. முப்பது இருக்கும்.

– முப்பத்தொண்ணாவது தடவை மனசு மாறிடும்னு நினைச்சீங்களா?

– கிண்டல் அப்புறம் பண்ணு. உங்க அக்கா நாலு மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்துடுவா. இப்ப ரெண்டே கால். வந்ததும் நாவலைப் பதிப்பகத்துக்கு அனுப்பணும். மூணு வருஷம் எழுதினது, மொத்தமும் இதுக்குள்ளதான் கிடக்கு.

– லேப்டாப் நல்லா இருக்குல்ல?

– லேப்டாப்புக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கு. அதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை வச்சுக் குடுத்தியே, அதுதான் எழுந்திருக்க மாட்டேங்குது.

– வர்ச்சுவல் மிஷின்.

– பேரு நல்லாத்தான் இருக்கு. ஏன்டா, எல்லாரையும் மாதிரி அவ நேரா லேப்டாப்ல எழுதக் கூடாதா?

– அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல அடிச்சாத்தான் அக்காவுக்குக் கதை வருது. அது பழைய சிஸ்டத்துலதான் ஓடும். அதான் பழசைப் புதுசுக்குள்ள குடி வச்சேன்.

– குடி வச்சவன் வந்து பார்க்க வேண்டியதுதானே.

– அதான் போன்ல இருக்கேனே. எதைத் தொட்டீங்க?

– நானா? எதையும் தொடல.

– யாரும் தொடாம இப்படி ஆகாது மாமா.

– தூசி தட்டினேன். கீபோர்ட்ல. அவ்வளவுதான்.

– சரி. மிஷினை ஆன் பண்ணிட்டு எஃப் எட்டை விடாம அமுக்குங்க.

– அமுக்கறேன்... ஏதோ பட்டியல் வருது.

– சேஃப் மோடுன்னு இருக்கும், அதைக் குடுங்க.

– குடுத்தேன்... எழுத்தெல்லாம் ஓடுது... நீலம்.

– ம்.

– டாக்டர் மாதிரி ம் போடாத மாப்ள.

– செட்டிங்ஸ் போங்க. மெமரி எவ்வளவு காட்டுது?

– நாலாயிரத்துச் சொச்சம்.

– நான் ஆயிரம்தானே வச்சேன்?

– ஆயிரமா வச்சே?

– மாமா?

– கொஞ்சம் கூட்டினேன். ரொம்ப மெதுவாத் திறந்துச்சு, பாவமா இருந்துச்சு.

– அதனால நீலம் வராது. ஆனா எழுதறது அக்கா. மெதுவாத் திறந்தா உங்களுக்கு என்ன?

– அவதான்... மெதுவா இருக்குன்னு சொன்னா.

– அக்காவா? இருங்க, போன் போட்டுக் கேட்டுடறேன்.

– கேக்காத. கேக்காதன்னு சொல்றேன்ல.

– அப்ப சொல்லுங்க.

– திறந்து படிச்சேன். போதுமா?

– முடிக்கற வரைக்கும் யாரும் படிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாளே.

– யாரும்னா வெளியாள். நான் கட்டின புருஷன்.

– அதுவும் சரிதான். படிச்சா மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது. வேற?

– வேற ஒண்ணுமில்ல.

– அப்ப எனக்கும் ஒண்ணும் பிடிபடல. நாளைக்கு வந்து பார்க்கறேன்.

– நாளைக்கா? ஏய், வச்சுடாத. இரு... கதையில ஒரு புருஷன் வர்றான்.

– சரி.

– வழுக்கை. பல்பு மாட்டப் போறேன்னு எதையாவது உடைப்பான். சாப்பிட்டுக்கிட்டே தூங்குவான்.

– எனக்குத் தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கே.

– ஒன்பதாம் அத்தியாயத்துல ஏணியில இருந்து விழுந்து செத்துப்போறான். ரெண்டே வரி. அழக்கூட யாரும் இல்ல. அடுத்த வரியில அவ ஜன்னலைத் திறக்கறா, காத்து வருது.

– அடடா.

– படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. அதனால...

– அதனால?

– கால் மட்டும் உடையற மாதிரி மாத்திட்டேன்.

– யாரு, நீங்க எழுதினீங்களா?

– நாலு வரி. அவ பாணியிலயேதான் எழுதினேன், வித்தியாசமே தெரியாது. ஆஸ்பத்திரியில அவ அவன் கையைப் பிடிச்சுக்கறா.

– கையை வேற பிடிக்க வச்சீங்களா?

– சிரிக்காத. முந்தாநாள் மிச்சத்தையும் படிச்சேன். பதினொண்ணாவதுல அவ தனியா வீடு பார்த்துப் போயி நிம்மதியா இருக்கா. அவன் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கு. ரெண்டு அத்தியாயம் முன்னாடி கட்டோட படுத்திருந்தவனுக்கு மாலை. பதிப்பகத்துல படிச்சா அவளைப் பைத்தியம்னு நினைக்க மாட்டானா?

– நினைப்பான்.

– மூணு வருஷ உழைப்பு, மாப்ள. என்னால அவ மானம் போகும். அவ வர்றதுக்குள்ள அவனைப் பழையபடி சாகடிச்சு வைக்கணும். அதுக்குத்தான் காலைல திறந்தேன். நீலம் வந்துடுச்சு.

– இவ்வளவுதானா? வேற எதுவும் இல்லையே?

– சத்தியமா இவ்வளவுதான்.

– சரி, செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போங்க. ஹார்ட் டிஸ்க் எதுக்குக் கீழ இருக்கு?

– சாட்டான்னு போட்டிருக்கு.

– அதை எடுத்துட்டு, மேல ஐடிஇன்னு இருக்கறதுக்குக் கீழ சேருங்க. பழைய சிஸ்டம், அதுக்குத் தெரிஞ்ச வாசல் அது ஒண்ணுதான். வேற வாசல்ல நின்னா சொந்த டிஸ்க்கையே அதுக்கு அடையாளம் தெரியாது. நீலமாயிடும்.

– சேர்த்துட்டேன். ஆன் பண்றேன்... கறுப்பு... கோடு ஓடுது... மாப்ள, வந்துடுச்சு. அவ வச்ச பூனைப் படம் கூட வந்துடுச்சு.

– நல்லது.

– இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அரை மணி நேரம் என்னைக் குடைஞ்சு எடுத்துட்டியே.

– எல்லாத்தையும் பார்க்கணும்ல.

– பெரிய கெட்டிக்காரன்டா நீ. இரு, ஒன்பதைத் திறந்துட்டேன்... கையைப் பிடிக்கற வரி போச்சு... ஆஸ்பத்திரி போச்சு... ஏணியில ஏறிட்டான்.

– மாமா, கொஞ்சம் நிறுத்துங்க.

– ஒரு நிமிஷம்... விழுந்துட்டான். ரெண்டே வரி. சேவ் பண்ணிட்டு வந்துடறேன்.

– பண்ணாதீங்க. நீங்க மாத்தின நாலு வரியை அக்கா போன வாரமே படிச்சுட்டா. அவன் உயிரோடயே இருக்கட்டும்னு நேத்து பதினொண்ணாவதைப் புதுசா எழுதி முடிச்சுட்டு, சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, இங்க இருந்தே டிஸ்க்கை வாசல் மாத்தி மிஷினைக் கெடுத்து வைக்கச் சொன்னா, நீங்களா வாயைத் திறக்கற வரைக்கும் சரிபண்ணவே கூடாதுன்னு.