ஞானாம்பிகை முத்திரை வைக்காத பிரேக் தட்டுகள்

இரும்பின் இயல்பறிந்தவரே! எவர் முறைத்தாலும் முறை தவறாதவரே! பிறை ஊர்த் தொழிற்பேட்டையில் இருபத்து மூன்று ஆண்டுகள் பிறர் உயிர் நினைத்துப் பணியாற்றிய ஞானாம்பிகை அம்மையாரே! 1996 ஜூன் திங்கள் இம்மாலையில், தண்ணீர்மலைச் சாலை மண்டபத்தில் நடக்கும் உங்கள் பணி ஓய்வு விழாவில், பிரேக் தட்டுகளில் துளை போடும் துளைப்புப் பிரிவுத் தொழிலாளர்கள் தலை தாழ்த்திப் படிக்கும் மடல் இது.

வாழ்த்த வந்த வாய் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். அம்மையாருக்கு நடந்ததை இங்கே கூடியிருக்கும் குடும்பத்தார் முழுதாய் அறியமாட்டார்கள். அதைச் சொல்லாமல் மாலை போட எங்களுக்கு மனமில்லை.

1991, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. வேகப்பிரியர்கள் காரோடு வந்த பிரேக் தட்டைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளும் துளை போட்ட தட்டுகள் ஆயிரக்கணக்கில் தயாராகின. கூர் விளிம்பிலிருந்து விரிசல் விடாதிருக்க, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் மழுக்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் மேலாளர் அந்த வேலையை நிறுத்தச் சொன்னார். தலைமைப் பரிசோதகரான அம்மையார் நான்கு தட்டுகளைச் சூடேற்றி ஆறவிட்டு, விரிசலுக்குள் மட்டும் தங்கும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்துப் பார்த்தார். மூன்றில் துளைக்குத் துளை மயிரிழை விரிசல் ஓடியிருந்தது.

அவர் முத்திரை இல்லாமல் சரக்கு வெளியேறாது. மேலாளர் தாமே வந்து நின்று, இந்த அளவு கோடு எல்லாத் தட்டிலும் வருவதுதான், முத்திரையைக் குத்துங்கள் என்றார்.

"குத்தமாட்டேன் சார். மலை இறக்கத்துல இது உடையறப்ப உள்ள உக்காந்திருக்கிறது யாரு வீட்டுப் பிள்ளையோ," என்றார் அம்மையார்.

பிறகு நாங்கள் செய்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. எல்லாத் தட்டுகளையும் திரும்ப எடுத்துத் துளைகளை மழுக்கினால் தீபாவளி விடுமுறை போய்விடும் என்று பயந்து, அம்மையார் வேண்டுமென்றே வேலையைத் தடுக்கிறார் என மேலாளர் நீட்டிய தாளில் பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். அதைக் காட்டியே முத்திரையைப் பிடுங்கினார்கள். பேக்கிங் பிரிவில் பெட்டி மடிக்கவும் முகவரி ஒட்டவும் அனுப்பினார்கள். முத்திரை வேறொரு கைக்குப் போயிற்று, சரக்கும் போயிற்று. அம்மையார் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த மார்ச்சில், கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பேரில் ஒருவரான ஜெயராஜ், மேலாளர் சொல்லை நம்பி அதே தட்டுகளைத் தன் காரில் மாட்டிக்கொண்டு பாலிக் பூலாவ் மலைச்சாலையில் இறங்கினார். ஒரு வளைவில் முன் தட்டு பிளந்தது. கார் பாறையில் மோதி, பக்கத்தில் இருந்த மனைவி தனலெட்சுமியின் இடுப்பெலும்பு நொறுங்கியது.

அம்மையார் மருத்துவமனைக்குப் போய்த் தனலெட்சுமி அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜெயராஜிடம் உடைந்த துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கினார். மறுநாள் காலை அவற்றை மேலாளர் மேசையில் கொட்டி, சரக்கைத் திரும்ப அழையுங்கள் என்றார். மாட்டியவன் சரியாக மாட்டவில்லை என்று மேலாளர் கையை விரித்தார்.

"அப்ப நானே எழுதுறேன். எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும். முகவரி ஒட்டுனது நான்தான்."

எழுதினார். ஈப்போ முதல் ஜொகூர் பாரு வரை நாற்பத்தொரு கடைகளுக்கு, தம் பெயரும் வீட்டு முகவரியும் போட்டு, தம் கையாலேயே எழுதினார். ஒரு மாதத்துக்குள் தட்டுகள் லாரி லாரியாய்த் திரும்பின. நிறுவனம் கொடுத்த பரிசு ஓர் எச்சரிக்கைக் கடிதம். விளிம்பு மழுக்கும் வேலை மறுபடி வந்தது. முத்திரை மட்டும் அவரிடம் வரவேயில்லை. மேலாளர் இயக்குநராகிவிட்டார். அம்மையார் பெட்டி மடித்தபடியே ஓய்வு பெறுகிறார். இதை எழுதும்போது ஆத்திரம் வருகிறது. அதில் பாதி எங்கள்மேல்தான்.

நிறுவனம் அனுப்பிய சான்றிதழில் அவர் 'பேக்கிங் ஊழியர்' என்று இருக்கிறது. அதை இந்த மண்டபத்துக்குள் நாங்கள் கொண்டுவரவில்லை.

தலைமைப் பரிசோதகர் அம்மையாரே! நோயின்றி, குறையின்றி, உற்றார் சூழ நூறாண்டு நிமிர்ந்து வாழ்க! மன்னிப்புக் கேட்க ஐந்தாண்டு எடுத்துக்கொண்டோம். 'ஊழியர்கள்' என்று பொதுவாய் ஒளிந்துகொள்ளாமல், பதினெட்டுப் பேரும் கீழே தனித்தனியே பெயரெழுதுகிறோம். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யாத தனலெட்சுமியும், இந்த வாழ்த்தில் தமக்கும் பங்கு வேண்டுமென்று பேனாவைக் கேட்டு வாங்கி, முதல் வரியில் தம் பெயரை எழுதியிருக்கிறார்.