அனுப்பாமல் வைத்த ரிட்டன்

எக்கவுண்டன்ட் ஒருவரை வைக்காமல் ஒரு சின்னக் கம்பனியின் கணக்கைப் பார்ப்பது பற்றிஸ் பொரிப்பதைவிட இலேசான வேலை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பற்றிஸ் என்றால் மாவின் பதம், எண்ணெயின் சூடு, அன்றைய மழை வெயில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கணக்குக்கு மழையுமில்லை, வெயிலுமில்லை. வந்ததை வந்த பக்கத்தில் எழுத வேண்டும், போனதைப் போன பக்கத்தில் எழுத வேண்டும், பொய் எழுதக் கூடாது. அவ்வளவுதான்.

நீங்கள் வரி அலுவலகத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, என் வீடு தேடி வந்து, கணக்கையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கைப் பெரிய கம்பனிகளிலும் காணவில்லை என்றீர்கள். அந்தச் சந்தோசத்தில் எனக்கு அன்று பின்னேரம் தேநீருக்குச் சீனி போட மறந்துவிட்டது. பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். வருட வரி ரிட்டன் கொம்பியூட்டரில் முழுதாக நிரப்பி இருக்கிறது, கட்ட வேண்டிய காசும் வங்கியில் தனியாக ஒதுக்கி இருக்கிறது, அப்படியிருக்க ஏன் அனுப்பவில்லை என்று. பதிலை எழுத்தில் தரச் சொன்னீர்கள். ஐயா என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உங்களுக்கு என் மகனின் வயது, ஆகவே தம்பி என்றே எழுதுகிறேன்.

என் பெயர் யூஜினா. துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவள். கணவர் ஒஸ்வால்ட் தவறிவிட்டார். ஒரே மகன் ரொனி மெல்பேணில் இருக்கிறான். வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் பற்றிஸும் றோல்ஸும் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கத் தொடங்கினேன். என் கைக்கு உதவியாக நிஷாந்தினி வந்தாள். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பின்னறையில் தங்கினாள். பற்றிஸின் ஓரத்தை மடித்துக்கொண்டே கதை சொல்வாள், சொல்லி முடிக்க முன்னமே தானே சிரித்துவிடுவாள். அவளுடைய சிரிப்பில் எனக்குப் பாதி மருந்து மிச்சம்.

வெள்ளவத்தையில் ஒரு பெரிய கடைக்காரர் தினமும் சாமான் எடுக்கிறேன், ஆனால் கம்பனியாகப் பதிந்திருக்க வேண்டும் என்றார். பதிவதற்கு ஒரு டிரெக்டர் தேவை. நான் டிரெக்டரானால் பென்சனை நிறுத்திவிடுவார்கள் என்று கோயில் வாசலில் யாரோ சொன்னார்கள். அது வெறும் கதை என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அதை நம்பிப் பங்கை என் பெயரிலும் டிரெக்டர் பதவியை நிஷாந்தினியின் பெயரிலும் எழுதினோம். டிரெக்டர் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். சட்டம் சொல்லி அந்தப் பிள்ளையைக் குழப்புவானேன். எங்கள் கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பக்கத்தில் ஞானத்தாய் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். கம்பனிக்கு நீதான் ஞானத்தாய் என்று சொன்னேன்.

"அப்ப நான் என்னா செய்யணும் அன்ரி?"

"நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை மகள். மெழுகுதிரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாக் காணும்."

அவள் சைவக்காரி. ஆனாலும் அந்த வார்த்தையை என்னைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டாள். வருடாவருடம் கம்பனி பதிந்த நாளில் பதிவுச் சான்றிதழுக்கு முன்னால் விளக்கேற்றிச் சர்க்கரைப் பொங்கல் படைப்பாள். "நம்ம கம்பனிக்கு இன்னைக்கு மூணு வயசு அன்ரி" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். தாய் தகப்பன் கைவிட்டால் ஞானத்தாய்தானே பிள்ளைக்குப் பொறுப்பு என்று ஒருநாள் கேட்டாள். ஓம் என்றேன். கேட்டதற்கு உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

எக்கவுண்டன்ட் ஒருவரை வைக்கச் சொல்லி ரொனி எத்தனையோ முறை சொன்னான். நான் கேட்கவில்லை. கரும்பு தின்னக் கூலியா. வாங்கின பில்லுக்கு ஒரு பிஸ்கட் டின், விற்ற பில்லுக்கு ஒரு பிஸ்கட் டின், என் சொந்தச் செலவுக்கு மூன்றாவது டின். மூன்றாவதற்குப் பாவம் என்று பெயர் எழுதி ஒட்டினேன், ஏனென்றால் சொந்தச் செலவைக் கம்பனிச் செலவென்று காட்டுவதுதான் சின்னக் கம்பனிக்காரர் எல்லாரும் செய்கிற பாவம். சனிக்கிழமைகளில் மூன்றையும் திறந்து ஆத்தும சோதனை செய்வதுபோல் பார்ப்பேன். மீதியை எப்படிச் செய்வதென்று யூரியூப்பில் இருக்கிறது. நிஷாந்தினியின் சேமலாப நிதியைக்கூட ஒரு மாதம் பிந்தாமல் கட்டியிருக்கிறேன். இதையும் தயவுசெய்து கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை ஜீவராஜ், எலெக்றிசியன், பண்பான பிள்ளை. கலியாணக் கேக்கை நானே செய்தேன். கொஞ்ச நாளில் அவன் டோஹாவுக்குப் போனான், அவள் என்னோடேயே இருந்தாள். எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. ஆனால் ஒருநாள் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தாள். அங்கே அவன் வேலை செய்கிற கம்பனி குடும்ப வீடு தரப் போகிறது, விசா எடுக்கப் போகிறான், ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் அவளும் போய்விடலாம். அங்கே போய்த்தான் பிள்ளை பெறுவதென்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்களாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. இதை மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருந்தவர்களில் பாதிப் பேரைக் கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நான்தான் வழியனுப்பினேன். ரொனியை அனுப்பிவிட்டு வந்து தனியாக இருந்து சாப்பிட்ட சோறு எனக்கு இன்னும் செமிக்கவில்லை. இன்னொரு முறை அப்படிச் சாப்பிட நான் ஆயத்தமில்லை.

அந்த நாட்களில் பாமன்கடையில் ஒரு மண்டபத்தில் சின்ன வியாபாரிகளுக்கு இலவச வகுப்பு ஒன்று வைத்தார்கள். கணக்கு விசயத்தில் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு சட்டத்தரணிப் பிள்ளை அழகாக விளங்கப்படுத்தினாள். கம்பனி ரிட்டன் அனுப்பாமல், வரியும் கட்டாமல் இழுத்தடித்தால், டிரெக்டர் நாட்டைவிட்டுப் போகாதபடி நீதிமன்றத்தில் தடை வாங்கலாம் என்றாள். மண்டபத்தில் எல்லாருடைய முகமும் வெளிறிப் போனது. பக்கத்தில் இருந்த துணிக்கடைக்காரர் றிகாஸ் தண்ணிப் போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். எனக்கு மட்டும் நெஞ்சு குளிர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குப் பிடித்த வட்டிலப்பம் வாங்கி வந்தேன்.

அந்த வருட ரிட்டனை வழக்கம்போல நேரத்துக்கு நிரப்பினேன். ஒரு சதம் மறைக்கவில்லை. வரிக் காசைத் தனியாகப் போட்டு வைத்தேன், ஏனென்றால் அது அரசாங்கத்தின் காசு, என் காசில்லை. கடைசியில் அனுப்பு என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை மட்டும் அமத்தவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து ஈமெயில் ஈமெயிலாக வந்தது. கம்பனி ஈமெயிலை நான்தான் பார்ப்பது. ஒவ்வொன்றையும் வாசித்து, திகதி வாரியாக ஒழுங்குபடுத்தி வைத்தேன். அபராதமும் சேரும் என்று தெரிந்ததால் அதற்கும் சேர்த்துக் காசு ஒதுக்கினேன். யாருக்கும் நட்டம் வரக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

போன மாதம் நிஷாந்தினிக்கு விசா வந்தது. டிக்கெட்டும் வந்தது. நான் அவளுக்குச் சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தேன், ஜீவராஜுக்குக் கொண்டுபோகப் பொரிக்காத பற்றிஸ் ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தேன். காலையில் வான் வண்டி வந்து அவளை ஏற்றும்போது நெற்றியில் சிலுவை போட்டேன். அவள் என் காலில் விழுந்து அழுதாள். வான் போனதும் நான் குசினிக்குப் போய் இரண்டு பேருக்கு அரிசி போட்டேன். மீன் குழம்பு, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய்ப் பொரியல். மத்தியானம் அவள் அதே சூட்கேஸோடு வாசலில் வந்து நிற்கும்போது சோறு சூடாகவே இருந்தது. பசியோடு வருகிற பிள்ளைக்குப் பழஞ்சோறா போடுவது.

அவள் சாப்பிடவில்லை. சுவரில் சாய்ந்து இருந்துகொண்டு, "என்னமோ கேஸாம் அன்ரி, கம்பனி வரி கட்டலையாம், நான் போகக் கூடாதாம்" என்றாள். ஆனைக்கும் அடி சறுக்கும், கணக்கில் எங்கோ பிழை விட்டுவிட்டேன்போல என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, எனக்கு ஆறுதல் சொன்னாள். வயசான காலத்தில் தனியாக இவ்வளவு கணக்கையும் பார்த்தால் பிழை வரத்தானே செய்யும் என்றாள். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

நீதிமன்றத்துக்கு நானும் கூடப் போனேன். யார் டிரெக்டர் என்று நீதவான் சிங்களத்தில் கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். கணக்கெல்லாம் பார்ப்பது வேறு யாரும் உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது நான் பின் வரிசை வாங்கில் இருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"யாரும் இல்லீங்க ஐயா. நான்தான் பொறுப்பு. நான் அதுக்கு ஞானத்தாய்."

மொழிபெயர்ப்பாளருக்கு அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. டிரெக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டார். தடை தொடர்ந்தது. ஒரு வார்த்தை என் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே தப்பியிருக்கலாம். என்ன குணமான பிள்ளை பாருங்கள். இப்படிப்பட்டவளை யாருக்காவது விட மனம் வருமா.

அவளுடைய விசா இந்த மாதம் முப்பதாம் திகதி வரைக்கும்தான். அதற்குள் போகாவிட்டால் அந்த வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஜீவராஜ் சொல்கிறான். தினமும் பின்னேரம் போனில் இரண்டு பேரும் அழுகிறார்கள். அழுது முடித்தபின் அவள் வந்து என் பக்கத்தில் இருப்பாள், நான் இஞ்சிபோட்டுத் தேநீர் கொடுப்பேன், இருவரும் நாடகம் பார்ப்போம். இந்த ஒரு மாதமும் எனக்கு எவ்வளவு சந்தோசமாகப் போனது என்று எழுதினால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். ஆனாலும் உண்மையை எழுதச் சொன்னீர்கள்.

ஒரு விசயத்தை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலகம் ஆற அமர வேலை செய்கிற அலுவலகம், குறையாகச் சொல்லவில்லை, ஆனால் டிக்கெட் வரப் போகிறது, தடை வருகிற அசுமாத்தமோ அறிகுறியோ இல்லை. டிரெக்டர் வெளிநாட்டுக்கு ஓடப் பார்க்கிறார் என்று யாரோ ஒரு சிங்களப் பெண்மணி போனில் தகவல் தந்த பிறகுதான் கோப்பு வேகமாக நகர்ந்தது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். அந்தப் பெண்மணி நான்தான். துறைமுகத்தில் வேலை செய்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "எயா றட்ட யன்ன ஹதன்னே மாத்தயா" என்றேன், அவ வெளிநாடு போகப் பார்க்கிறா என்று. எடுத்தவர் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். நிஷாந்தினி அப்போது முன் அறையில் எனக்காக மருந்துக் குளிசைகளை டப்பியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. பாவமாக எனக்குப் படவில்லை. அவளை நான் அடித்தேனா, சம்பளத்தைப் பிடித்தேனா, கேற்றைப் பூட்டி வைத்தேனா. ஒரு பொத்தானை அமத்தாமல் விட்டேன், ஒரு போன் எடுத்தேன், அவ்வளவுதான். டோஹாவில் அந்த வெக்கையில் கிடந்து அவள் என்ன சுகத்தைக் காணப் போகிறாள்.

ரிட்டனை இன்று காலை அனுப்பிவிட்டேன். வரியும் அபராதமும் கட்டியாகிவிட்டது, பற்றுச்சீட்டு இதோடு இணைத்திருக்கிறேன். என் வாக்குமூலமும் இருப்பதால் இரண்டொரு நாளில் தடையை நீக்கிவிடலாம், அவள் முப்பதாம் திகதிக்கு முன் பறந்துவிடலாம் என்றீர்கள். மிகவும் சந்தோசம். எனக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரேயொரு வேண்டுகோள். தடை நீக்கிய கடிதத்தை அவளுடைய போனுக்கோ அவளுடைய கைக்கோ கொடுக்க வேண்டாம், பிள்ளை பதறிவிடுவாள். கம்பனி விலாசத்துக்குத் தபாலில் போடுங்கள். வீட்டுக்கு வரும் தபாலை நான்தான் எடுப்பது, நல்ல நேரம் பார்த்து நானே அவளிடம் கொடுக்கிறேன்.