புத்தகத்தில் ஏறிய கை

"…பேரு டாக்டருது, ஆனா கை என்னுது பாய்! சீமையில அச்சான புஸ்தகத்துல!"

ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் இப்படிச் சொன்னதும் நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழி வேலைக்காரர் அவர். பக்கத்தில் இருந்த பாயும் அதே ஷாப்புதான்.

"போட்டோவுல உன் மூஞ்சி எங்க ஏழுமலை?" என்றார் பாய்.

"மூஞ்சி எதுக்கு பாய்? சுண்ணாம்பு தின்ன புண்ணு கைலதானே இருந்துச்சு? டாக்டர் எழுதினதைப் படிச்சுட்டு ஜெர்மன்ல, ஜப்பான்லன்னு ஏழு டாக்டருங்க அவங்க கட்டுரையில நம்ம டாக்டர் பேரைப் போட்டிருக்காங்களாம். அதான் டாக்டருங்களுக்கு மவுசாம்."

"அப்போ ஏழு ஊர்ல உன் புண்ணு நாறுதுன்னு சொல்லு."

"நாறட்டுமே! இப்ப அது ஆறிடுச்சுன்னு இன்னொண்ணு எழுதப் போறாரு. இன்னிக்கு ஆறின கையைப் போட்டோ எடுக்கணும். அதுக்குத்தான் மேஸ்திரிகிட்ட கெஞ்சி, ஒரு மாசமா குழியில கை வைக்காம தோல் உலர்த்தறேன். இப்ப ஒரு கீறல் பட்டாலும் பேஜார்."

"உன் பேரைப் போடுவாரா?"

"கேட்டேன். நோயாளி பேரைப் போடக் கூடாதாம். போனா போவுது. என் கை என் பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

பள்ளிகொண்டாவில் குறுக்கே ஒரு மாடு வர, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தோம். ஏழுமலை மட்டும் இரண்டு கைகளையும் துண்டுக்குள் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூஞ்சியைக் கம்பிக்குக் கொடுத்தார்.